தலையில் எண் சுமந்த எழுத்துகள்

பழைய ஆங்கில அகராதிகளை ஸ்கேன் செய்து, கணினி படித்துக் கொடுத்ததை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலைதான் சில மாதங்கள் எனக்குச் சோறு போட்டது. 1755இல் வந்த ஜான்சன் அகராதி அவ்வளவாகப் படுத்தவில்லை. அந்தக் காலத்து நீண்ட 'எஸ்'ஸைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடும், அவ்வளவுதான். ஜான்சன் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று ஒரு கோடு போட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

ஜான் வாக்கர் வந்ததும் கழுத்து வலி வந்தது. நடிகராக இருந்த மனிதர். 1791இல் வந்த அவருடைய உச்சரிப்பு அகராதியில் சொல்லை ஒலிப்படி மறுபடி எழுதி, உயிரெழுத்துகளின் தலையில் பொடிப் பொடியாக எண் போட்டிருப்பார். கணினி அதைக் காற்புள்ளி, மேற்கோள்குறி, தூசி என்று வாய்க்கு வந்தபடி படிக்கும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ இரண்டு முறை ஆறிப்போகும்.

எதற்கு இந்தப் பாடு என்று தேடினால், காரணம் ஜான்சன் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நண்பர் பாஸ்வெல்லிடம் சொன்னதில் இருந்தது. 'கிரேட்' என்ற சொல் 'ஸ்டேட்' போல ஒலிக்க வேண்டும் என்றாராம் பிரபுக்கள் சபையின் சிறந்த பேச்சாளர் செஸ்டர்ஃபீல்டு. இல்லை, 'சீட்' போல 'கிரீட்'. ஐரிஷ்காரன்தான் 'கிரேட்' என்பான் என்றாராம் மக்கள் சபையின் சிறந்த பேச்சாளர் யங். இன்று நாம் எல்லோரும் அந்த ஐரிஷ்காரர் கட்சி. வாக்கருக்கு முன்பே, 1780இல், உச்சரிப்பு காட்டும் அகராதி போட்ட தாமஸ் ஷெரிடனும் அயர்லாந்துக்காரர்தான். ஜான்சன் அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்தார். வாக்கர் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர் என்று தனித்தனியாக விதி எழுதி, லண்டன்காரர்களையும் விடவில்லை. 'வி'யையும் 'டபிள்யூ'வையும் மாற்றாதே, 'ஹெச்'சை முழுங்காதே என்று அவர்களுக்கும் குட்டு.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக வாக்கரின் எண்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். ஆங்கில 'ஏ' எழுத்துக்கு நான்கு ஒலி: 1 ஃபேட், 2 ஃபார், 3 ஃபால், 4 ஃபேட்.

"அக்கா, ஒண்ணும் நாலும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றான் ஒரு தம்பி.

நம் எழுத்தில் அவ்வளவுதான் முடியும். சரி என்று, 1க்குப் பக்கத்தில் 'விதி', 4க்குப் பக்கத்தில் 'கொழுப்பு' என்று பொருளை எழுதிவைத்தேன். அப்புறம் மங்கலான எண் வரும்போதெல்லாம் அந்த மூலையிலிருந்து குரல் வரும்: "அக்கா, இது விதியா, கொழுப்பா?"