கடைசி மாதவிடாய் திகதி கேட்டாங்க: டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் நான் பட்ட பாடும்

முதலே சொல்லிப்போடுறன், நான் ஜிம்முக்குப் போய் உடம்பு ஏத்த ஊசி போடுற ஆள் இல்ல. மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியில இருந்த கட்டிய எடுத்தாப் பிறகு உடம்பு தானா டெஸ்டோஸ்டிரோன், அதுதான் ஆம்பிளை ஹோமோன், சுரக்கிறத விட்டுட்டுது, காலமை வெறும் வயித்தில ரெண்டு தரம் ரத்தம் எடுத்துப் பாத்து, அதைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்புற எல்எச் எஃப்எஸ்எச்சும் குறைவெண்டு கண்டுதான் ஊசி தொடக்கினவை. மூண்டு கிழமைக்கு ஒருக்கா 250 மில்லிகிராம், டெஸ்டோஸ்டிரோனிட நாலு எஸ்டர் (மெது மெதுவா ரத்தத்தில சேருற வடிவம்) கலந்த அந்த எண்ணெய் ஊசி. போடுற ஆக்களுக்குத் தெரியும். அதெல்லாம் ஒரு கரைச்சலும் இல்லாமத்தான் போச்சு.

கரைச்சலத் தொடக்கினது நான்தான். மூண்டாவது கிழமை வந்தா சாக்கு மூட்டை மாதிரி விழுந்து கிடப்பன், அதால இஞ்ச பாக்கிற டொக்டரிட்டக் கேட்டு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எண்டு மாத்தி எழுதுவிச்சன். நானாக் கேட்டது, பழிய அவர்ல போடேலாது. ரெண்டு மாசம் ராசா மாதிரி இருந்தன். பிறகு ஒருநாள் எங்கட திருகோணமலை உவர்மலை ஏத்தத்தில பைக் ஒரு பள்ளத்துக்க விழுந்து எழும்பேக்க சேர்ட் உரஞ்சினதுக்கே இடப்பக்க முலைக்காம்பு சுள்ளெண்டுச்சு. அண்டைக்கு இரவு மகள் ஓடி வந்து நெஞ்சில தலைய முட்ட எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது. தடவிப் பாத்தா காம்புக்குப் பின்னால கச்சான் கொட்டை அளவில ஒண்டு உருளுது. (கச்சான் எண்ட உடன ஞாபகம் வருது, இந்த ஊசி மருந்துக்குள்ள இருக்கிறதும் கச்சான் எண்ணெய்தான், நிலக்கடலை எண்ணெய் எண்டும் சொல்லுவினம். கச்சான் ஒத்துவராத ஆக்கள் முதலே டொக்டரிட்டச் சொல்லிப்போடுங்கோ.)

ஏத்துற டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கை அரோமட்டேஸ் எண்ட நொதியம் ஈஸ்ட்ரோஜனா, அதுதான் பொம்பிளை ஹோமோனா, மாத்தும், அது கூடுதலா நடக்கிறது கொழுப்பில, எனக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு வயிறு நல்லாப் போட்டுது, ஊசியும் கூடினா ஈஸ்ட்ரோஜனும் கூடும், அதால முலை வீங்கும்தானே எண்டு வாசிச்சு வச்சிருந்தனான். அப்ப ஈஸ்ட்ரோஜன்ல முக்கியமான ஈஸ்ட்ரடயோல் ஒருக்காப் பாப்பம் எண்டு டொக்டரிட்டத் துண்டு வாங்கினன்.

டவுனுக்குள்ள ஒரு லாப், பேர் வேண்டாம், ரத்தத்த எடுத்துக் கொழும்புக்கு அனுப்புற இடம். கவுண்டரில இருந்த பிள்ளை துண்டப் பாத்தா, என்னப் பாத்தா, திரும்பத் துண்டப் பாத்தா. “அண்ணா, இது பொம்பிளையளுக்குச் செய்யிற டெஸ்ட். அக்கா வரேல்லையா?” எனக்குத்தான் எண்டன். பின்னால வாங்கில இருந்த மூண்டு பேரும் ஃபோனை மடியில வச்சிட்டு நிமிந்திட்டினம். பிள்ளை உள்ளுக்குப் போய் ஆரையோ கேட்டு, பிறகு கோல் எடுத்தும் கேட்டு, வந்து கொம்பியூட்டரில அடிக்கத் தொடங்கினா. ஒரு இடத்தில நிண்டுட்டா. கடைசி மாதவிடாய் திகதி. “அத நிரப்பாட்டி அடுத்த பக்கம் போகுதில்ல அண்ணா.” நான் என்னத்தச் சொல்ல? அவவே கொஞ்சம் யோசிச்சிட்டு அண்டைய திகதியப் போட்டு விட்டா.

ரிப்போட் நாலாம் நாள் வந்துது. ஈஸ்ட்ரடயோல் 198. பக்கத்தில பொம்பிளையளுக்கு மாதத்தில முதல் பாதிக்கு எவ்வளவு, முட்டை வெளிவாற நேரம் எவ்வளவு, கடைசிப் பாதிக்கு எவ்வளவு, மாதவிடாய் நிண்டாப் பிறகு எவ்வளவு எண்டு நாலு வரி கிடக்கு. ஆம்பிளைக்கு ஒரு வரியும் இல்ல. நான் பாத்தது அந்த 198ஐ மட்டும்தான். ரிப்போட்டில வேற ரெண்டு விசயம் கிடந்தது, அது ரெண்டையும் பாக்காமல் விட்டதுக்குத்தான் மூண்டு மாசம் அழுந்தினனான்.

கட்டாரில இருக்கிற மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினன். அவன் ஜிம் ஆள், இதுகள்ல கரை கண்டவன் மாதிரிக் கதைப்பான். “மச்சான், ஆம்பிளைக்கு 40க்கு மேல போகக்கூடாதடா, உனக்கு ஐஞ்சு மடங்கு கிடக்கு! அனஸ்ட்ரசோல் போடு, ஒரு கிழமையில படுத்திடும்.” அது அரோமட்டேஸத் தடுத்து ஈஸ்ட்ரோஜனக் குறைக்கிற குளிசை. எனக்கும் அந்த நேரம் தலைக்குள்ள ஐஞ்சு மடங்கு ஐஞ்சு மடங்கு எண்டுதான் ஓடினது, டொக்டரிட்டத் திரும்பப் போவம் எண்டு யோசிக்கேல்ல, போனா நாலு மணித்தியாலம் வாங்கில இருக்கோணும் எண்ட பஞ்சியும்தான்.

முதல் பார்மசியில துண்டு இல்லாமத் தரமாட்டம் எண்டிட்டினம். அந்த மனிசர நான் அண்டைக்குத் திட்டினன், இண்டைக்குக் கும்பிடுறன். ரெண்டாவது பார்மசியில தந்தாங்க. அங்க நிண்ட வயசான ஐயா மூண்டு அட்டைய உறையில போட்டுட்டு, குரலத் தாழ்த்தி, “அம்மாவுக்கோ தம்பி? இப்ப எப்பிடி இருக்கிறா?” எண்டார். அப்பதான் விளங்கினது இது மாதவிடாய் நிண்ட பொம்பிளையளுக்கு மார்புப் புற்றுநோய்க்குக் குடுக்கிற குளிசை எண்டு. ஓம் ஐயா, பரவாயில்ல எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தன். அந்தப் பொய் இண்டைக்கும் உறுத்துது.

ஒண்டு விட்டு ஒருநாள் ஒரு குளிசை. பத்து நாள்ல முலைநோ குறைஞ்சுது, மச்சானுக்கு நன்றி சொல்லி வொய்ஸ் எல்லாம் போட்டன். மூண்டாம் கிழமைதான் வில்லங்கம் தொடங்கினது. காலமை எழும்பினா விரல் மொளியெல்லாம் இறுகி பிரஷ் பிடிக்கேலாது. கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க முழங்கால் ரெண்டும் டக் டக் எண்டு சத்தம் போடுது, கோட்டைக்குள்ள நிண்ட மான் ஒண்டு என்னப் பாத்து ஒதுங்கி வழி விட்டது, பொய் இல்ல. இரவில நித்திரை இல்ல. மற்ற ஆசையும் சுத்தமா அத்துப் போச்சு, மனுசி முதல் ஒண்டும் கேட்கேல்ல, பிறகு கேட்டா. நான் என்ன நினைச்சன் தெரியுமோ? ஈஸ்ட்ரோஜன் இன்னும் இறங்கேல்லப் போல எண்டு. நினைச்சுக் குளிசைய நாளுக்கு ஒண்டாக் கூட்டினன்! ஈஸ்ட்ரோஜன் கூடினாலும் ஆசை போகும், குறைஞ்சாலும் ஆசை போகும், நித்திரையும் அப்பிடித்தான், உடம்பு சொல்லுறத வச்சு மட்டும் எந்தப் பக்கம் எண்டு கண்டுபிடிக்கிறது சரியான கஷ்டம்.

மனுசிதான் கடைசியில கத்தி, ஃபோனைப் பறிச்சு, கொழும்பில ஒரு ஹோமோன் டொக்டர சனல் பண்ணினா. இரவு மெயில்ல ஏறி, கல் ஓயாவில நுளம்புக் கடி வாங்கி, விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல இறங்கி, அங்கயே முகம் கழுவிக்கொண்டு போனன். நம்பர் 31. டொக்டர் சிங்களம், தமிழ் கொஞ்சம் கதைப்பா. எனக்குச் சிங்களம் சந்தை அளவுக்குத் தெரியும், முலைக்காம்புக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியாது, கடைசியில விரலால காட்டினன்.

ரிப்போட்டக் கையில எடுத்தவ, “இது உங்கட மனுசியிட ரிப்போட்தானே?”

இல்ல டொக்டர், என்ர.

பேருக்கு முன்னால மிஸிஸ் எண்டு கிடக்கு. வயசுக்குப் பக்கத்தில பெண் எண்டு கிடக்கு. இதுதான் நான் பாக்காம விட்ட முதல் விசயம். கிளினிக் கொப்பியோட ஒட்ட ஏலாது எண்டிட்டா, அது நியாயம்தான். ரெண்டாவது, அவ பேனையால வட்டம் போட்டுக் காட்டினா, 198க்குப் பக்கத்தில இருந்த அலகு. பிகோமோல். மச்சான் சொன்ன 40 பிகோகிராம். ஒரு பிகோகிராம் எண்டா 3.67 பிகோமோல், ஃபோனை எடுத்து 198ஐ 3.67ஆல பிரிச்சா, 54. கொஞ்சம் கூடத்தான், ஆனா ஐஞ்சு மடங்கும் இல்ல ஒண்டும் இல்ல. அடுத்த கேள்வி, ஊசி போட்டு எத்தினையாம் நாள் ரத்தம் குடுத்தீங்க? ரெண்டாம் நாள். அவ சிரிச்சா. இந்த ஊசி போட்டு ஒண்டு ரெண்டு நாள்லதான் டெஸ்டோஸ்டிரோன் உச்சத்துக்கு ஏறுமாம், அதோட ஈஸ்ட்ரோஜனும் ஏறும், அண்டைக்கு எடுத்தா எவனுக்கும் கூடத்தான் காட்டும்.

அதோட விட்டாவா? “முடிக்கு ஏதும் குளிசை எடுக்கிறீங்களோ?” எண்டா. எடுத்தனான்தான், முன்மண்டை வெளிக்குதெண்டு பயோட்டின் எண்ட விற்றமின், பெரிய டோஸ். சில லாப் மெசினுகள்ல பயோட்டின் ரத்தத்தில கிடந்தா ஈஸ்ட்ரடயோல், டெஸ்டோஸ்டிரோன் மாதிரி டெஸ்டுகள் உள்ளதை விடக் கூடக் காட்டுமாம், தைரொயிட்டுக்குப் பாக்கிற டிஎஸ்எச் மாதிரி வேற சிலது குறையக் காட்டுமாம். அப்ப அந்த 54உம் எவ்வளவு உண்மை எண்டு ஆருக்குத் தெரியும். ரத்தம் குடுக்க மூண்டு நாலு நாளைக்கு முதலே அத நிப்பாட்டோணும், லாப்பில இத ஒருத்தரும் கேட்கிறதில்ல, நீங்களாச் சொல்லுங்கோ.

அனஸ்ட்ரசோல் கதையச் சொல்ல அவட முகம் மாறினது. ஆம்பிளைக்கும் ஈஸ்ட்ரோஜன் வேணும், எலும்புக்கு, மூட்டுக்கு, ஆசைக்கு எண்டு பத்து நிமிசம் கிழிச்சா. பிறகு நான் தேடிப் பாத்தன், 2013ல அமெரிக்காவில ஒரு ஆய்வு வந்திருக்கு, ஆம்பிளையளிட சொந்த ஹோமோனை நிப்பாட்டிப்போட்டு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் குடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் இதே அனஸ்ட்ரசோலும் சேத்துக் குடுத்துப் பாத்தவை, ஈஸ்ட்ரோஜன் குறைஞ்ச ஆக்களுக்குத்தான் கூடுதலாக் கொழுப்பு ஏறினது, ஆசையும் கூடுதலா விழுந்தது. நான் வயித்துக் கொழுப்பால வந்த பிரச்சினைக்குக் கொழுப்பு ஏத்துற குளிசை போட்டிருக்கிறன்.

அண்டைக்கு மருந்து மாத்தித் தரமாட்டன் எண்டிட்டா. குளிசைய விடுங்கோ, ஆறு கிழமை போகட்டும், ஒழுங்கான ரிப்போட்டோட வாங்கோ. ஒரு மிஸிஸ்ஸுக்காக 250 கிலோமீட்டருக்கு மேல போய்த் திரும்பி வந்தன். பஸ்ஸில ஹபறணை மட்டும் எனக்கு அந்த லாப் பிள்ளையிலதான் கோவம், பிறகு கந்தளாய்க் குளம் தெரியிற நேரம் என்னிலதான் கோவம்.

குளிசை விட்டு மூண்டு நாலு கிழமையில விரல் இறுக்கம் விட்டது. திரும்ப முலைநோ லேசா வந்துது, பொறுத்தன். இதுக்கிடையில ஊர் ஆஸ்பத்திரி சேர்ஜிக்கல் கிளினிக்கில காட்டி ஸ்கானும் எடுத்தன், சுரப்பி வளத்தி மட்டும்தான் எண்டினம். இத ஈஸ்ட்ரோஜன்தானே எண்டு ஒருத்தரும் விட்டுடாதேங்கோ, ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரிக் கிடந்தா, இல்லாட்டி காம்பால ஏதும் கசிஞ்சா, அண்டைக்கே காட்டுங்கோ, ஆம்பிளையளுக்கும் அங்க புற்றுநோய் வாறது, அரிதாத்தான். அதோட வீக்கம் புதுசா இருக்கேக்கத்தான் மருந்துக்குக் கேட்கும், ஒரு வருசத்துக்கு மேல இழுத்தா தழும்பு மாதிரி இறுகிடும், பிறகு வெட்டித்தான் எடுக்கோணும் எண்டும் சொன்னவை.

ரெண்டாம் தரம் லாப்புக்குப் போகேக்க ஆயத்தமாப் போனன். ஐடென்டிட்டிய மேசையில வச்சு, தங்கச்சி, ஆண் எண்டு போட்டதக் காட்டுங்கோ பாப்பம் எண்டு அவ திரையத் திருப்பிக் காட்டும் வரைக்கும் நகரேல்ல. ஆண் எண்டு போட்டா மாதவிடாய்க் கட்டமே வரேல்ல! அவ்வளவுதான் விசயம், அண்டைக்கு முதல் பக்கத்தில பிழையா அடிச்சதுக்குத்தான் இவ்வளவு கூத்தும். ஊசி போட்ட திகதியையும் ரிப்போட்டில வாற மாதிரி எழுதுவிச்சன். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி எண்ட, மூலக்கூறுகள அதுகளிட நிறைய வச்சுப் பிரிச்சு அளக்கிற முறையில பாக்கிறதுதான் ஆம்பிளையளிட குறைஞ்ச அளவுகளுக்குத் திறமாம், நான் கேட்ட ரெண்டு இடத்திலயும் அது செய்யேல்ல, கிடைச்சதோட போனன்.

கொழும்பு டொக்டர் கடைசியில செய்த வைத்தியம் ஒரு வரி. 250ஐ ஒரேயடியாப் போடாம 125, பத்து நாளைக்கு ஒருக்கா. கணக்குப் பாத்தா பழைய மூண்டு கிழமை ஊசியிட மொத்தமும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனா உச்சத்துக்கு ஏறி விழுறது இல்ல. ஈஸ்ட்ரோஜனுக்கெண்டு ஒரு குளிசையும் தரேல்ல. வயித்தக் குறை, பியர விடு எண்டா. இது எனக்குச் சொன்ன அளவு, நீங்கள் உங்கட டொக்டரக் கேளுங்கோ.

இதில ஒரு கஷ்டம் ஆரும் நினைச்சுப் பாக்கமாட்டீங்கள். ஊசிக் குப்பிய உடைச்சா மிச்சத்த வச்சுப் பாவிக்கேலாது, அரைவாசியக் கொட்டோணும். எனக்கு ஊசி போடுற மிஸிக்கு 2022ல மருந்தில்லாமச் சனம் அலைஞ்சதெல்லாம் கண்ணுக்க நிக்குது, முதல் தரம் அரைக் குப்பியக் கையில வச்சுக்கொண்டு, “தம்பி, உண்மையாவே கொட்டவோ?” எண்டு மூண்டு தரம் கேட்டா. கொட்டேக்க மற்றப் பக்கம் பாத்தா. இப்பவும் அப்பிடித்தான்.

நாலு மாசமாகுது. உப்புவெளிக் கடற்கரையில பின்னேரம் நடை, தேத்தண்ணிக்குச் சீனி இல்ல, ஆறு கிலோ இறங்கிட்டுது. போன மாசம் ரெண்டு ஊசிக்கும் நடுவில எடுத்த ரிப்போட், டெஸ்டோஸ்டிரோன் 16 நானோமோல், ஈஸ்ட்ரடயோல் 121 பிகோமோல், அது 33 பிகோகிராம். ஹெமட்டோக்ரிட், அதுதான் ரத்தத்தில சிவப்பணு எத்தின வீதம் எண்டது, 49, அதையும் பாக்கச் சொல்லுங்கோ, 54க்கு மேல போனா ஊசிய நிப்பாட்டிடுவினம். கச்சான் கொட்டை இப்ப பயறு அளவில கிடக்கு, தட்டினாலும் நோகேல்ல. மிச்ச அனஸ்ட்ரசோல் அரை அட்டைய அந்தப் பார்மசிக்குக் கொண்டு போனன், வித்தது திருப்பி எடுக்கேலாது எண்டாங்க. ஐயா அண்டைக்கு இல்ல. இருந்திருந்தா அம்மா சுகம் எண்டு சொல்லியிருப்பன், உண்மையா எனக்கு அம்மா போய் எட்டு வருசம்.