சென்சாரில் தாத்தா

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குத் தூசி பஞ்சமே கிடையாது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

தாத்தா திதி அன்றைக்குக் காசிமேட்டில் விடியற்காலை படகுகளை எடுத்தேன். சூரியன் நட்சத்திரம் மாதிரி விரியட்டும் என்று லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 16 வைத்தேன். கடற்கரைக் காற்றில் நின்றுகொண்டு இரண்டு முறை லென்ஸும் மாற்றினேன். மாற்றாமல் இருந்திருக்கலாம்.

படங்களைப் பார்த்த பாட்டி திடீரென்று கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னாடா, எல்லா படத்துலயும் ஒரே காக்கா, ஒரே எடத்துல நிக்குது? உங்க தாத்தாடா!"

வலது மேல் மூலையில், வானத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸ் மாற்றும்போது சென்சாரில், அதாவது காமிராவுக்குள் படம் பதிகிற தகட்டில், ஒட்டிக்கொண்ட தூசி. துளையை இன்னும் சுருக்கி, வானத்தை மட்டும் எஃப் 22-இல் எடுத்துப் பார்த்தேன். தாத்தாவோடு ஏழெட்டு உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். லென்ஸ் துளையை அகலமாகத் திறந்தால் தூசியின் நிழல் கலைந்து மறைந்துவிடும். சுருக்கச் சுருக்கத்தான் பளிச்சென்று தெரியும்.

சுத்தம் செய்யத் தூசியே இல்லாத அறை வேண்டும். எங்கள் வளவில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று, ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவான பாத்ரூம். சூடு தண்ணீர் பிடித்து ஆவியில் தூசி அடங்கக் காத்திருந்து, கதவைச் சாத்தினேன். பேட்டரி முழு சார்ஜ். பாதியில் தீர்ந்தால், சென்சாரை மறைக்காமல் தூக்கி நிறுத்திய காமிராவின் உள்கண்ணாடி துடைப்பான் மேலேயே விழும். காமிராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் பல்பால் ஊதினேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் அது தனிக்கதை. உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். தாத்தா மட்டும் அசையவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

16 மில்லிமீட்டர் துடைப்பானில் இரண்டு சொட்டு திரவம் விட்டேன். சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியைத்தான் துடைக்கிறோம், இருந்தும் கை நடுங்கியது. வலது மேல் மூலையில் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். பயனில்லை. அப்புறம்தான் உறைத்தது: சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழும். எதிரே நின்று பார்க்கிற எனக்கு அது வலது கீழ் மூலை!

வெளியே கதவு இடி. "தம்பி, உள்ளாற இன்னாதான் பண்ற? அரை மணி நேரமாவுது!"

"தாத்தாவத் தொடைக்கிறேன்க்கா!"

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் தட்டவில்லை.

மறுநாள் புதுப் படங்களைக் காட்டினேன். வானம் துடைத்து வைத்த பளிங்கு. பாட்டிக்கு முகமே சரியில்லை. "எங்கடா அவரு? உன்னாண்ட கோச்சிக்கினு பூட்டாரா?" என்று கேட்டு, சுவர்மேல் ஒரு கவளம் சோறு கூடுதலாக வைத்தாள்.

போன வாரம் மறுபடியும் காசிமேடு, மறுபடியும் லென்ஸ் மாற்றம். இடது மூலையில் சின்னதாக ஒன்று. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"இது உங்க சின்ன தாத்தாடா. அவன் எப்பவும் லேட்டாத்தான் வருவான்."