லாக்கருக்குப் போகாத கடிகாரம்

ஏப்ரல் 6

காலையில் குளித்து முடித்ததும் முதல் வேலை கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. கையில் கட்டியபடியே திருகினால் சாவிக் குமிழின் தண்டுக்குப் பக்கவாட்டில் அழுத்தம் விழும், அதனால் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தக் குமிழ், அதாவது திருகி, உருளும்போது நுணுக்கமான ஒரு கரகரப்பு வரும். முழுக்க ஏறியதும் கெட்டியாக நின்றுவிடும். அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது.

கடிகாரம் வாஷெரான் கான்ஸ்டன்டின் என்ற சுவிஸ் நிறுவனத்தின் மால்டே மாடல். பீப்பாய் வடிவம், ரோஸ் கோல்டு, ஆறு மணி இடத்தில் தனியாகச் சின்ன நொடி முள். குறுக்கே 36.7 மி.மீ., மேலிருந்து கீழே 47.6 மி.மீ. உள்ளே இருப்பது 4400 ஏ.எஸ். என்ற இயந்திரம், கனம் 2.8 மி.மீ. மட்டும். மணிக்கு 28,800 அதிர்வு என்றால் ஒரு நாளைக்கு 6,91,200. நாள் முழுக்க மற்றவர்களின் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர் நான். ஆனாலும் இந்த எண்ணைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு முழுச் சாவிக்கு 65 மணி நேரம் ஓடும். ஒரு நாள் விட்டாலும் நிற்காது. ஆனால் சுருள்வில் தளரத் தளர சக்கரங்களுக்குப் போகும் விசை குறைந்து ஓட்டம் மாறும். தினமும் அதே நேரத்துக்குக் கொடுத்தால் அந்த மாற்றம் கட்டுக்குள் இருக்கும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று என்பதால் வீடு நிறைய ஆட்கள். காவேரிப்பட்டினம் அத்தை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை பவுன் சாமி இது?"

"பவுன் கணக்கு இல்லைங்க அத்தை. 18 காரட்."

"916 இல்லையா? இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது?"

916 என்றால் 22 காரட். வளையலுக்கும் சங்கிலிக்கும் அது சரி. தினமும் மேசையில் இடிபடுகிற கடிகாரக் கூட்டுக்கு அது மிருது. ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், மீதியில் செம்பு அதிகம், அதனால்தான் கெட்டியும் வந்தது, இந்தச் சிவப்பும் வந்தது என்று சொன்னேன். அத்தைக்குச் சிவப்பு பிடித்துவிட்டது, காரட் பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது மச்சான் ஆரம்பித்தார். "மாப்ள, லாக்கர்ல வச்சுட்டு கல்யாணம் காட்சிக்கு மட்டும் கட்டுங்க." இதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆரம் லாக்கரில் பத்து வருஷம் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. கடிகாரத்துக்குள் இருக்கும் எண்ணெய்க்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். பூட்டி வைத்தாலும் சர்வீஸ் செய்துதான் ஆக வேண்டும். அப்படியானால் அந்த வருஷங்கள் என் கையில் கழியட்டும் என்பதுதான் என் கட்சி. மேலும், இது ஓடுவதற்கென்றே செய்த பொருள். நின்று கிடக்கிற கடிகாரத்தைச் சொத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 27

வெயில் தாங்கவில்லை. கோர்ட் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதற்குள் மணிக்கட்டு நனைந்துவிட்டது. கூடவே வந்த முதலைத் தோல் பட்டையை இந்த மாதங்களில் போட்டால் வியர்வை உப்பிலேயே வீணாகும். அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஆம்பூரில் தெரிந்த ஒருவர் தோலில் கைவேலை செய்கிறார். போன வாரம் போயிருந்தேன். வெர்னியர் அளவுகோல் வைத்து, கடிகாரத்தில் பட்டை மாட்டும் இரண்டு காதுகளுக்கு நடுவே அளந்தார், என் மணிக்கட்டையும் நூல் வைத்து அளந்தார். மேலே கன்றுத்தோல், உள்பக்கம் ஆட்டுத்தோல். மெழுகு பூசிய நூலில் இரண்டு ஊசி வைத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் கோத்து இழுத்தார். அந்தத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது பிரியாது. இன்று கூரியரில் வந்தது. மாந்தளிர் நிறம் கேட்டிருந்தேன், அப்படியே இருக்கிறது.

இரவில் கழற்றியதும் பட்டையைத் துணியால் துடைத்து, காற்றாடக் கொஞ்ச நேரம் வெளியே வைக்கிறேன். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் நாற்றம் பிடிக்கும்.

மே 9

டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால் இரவில் கொஞ்சம் முந்துகிறது. திருகி மேலே வரும்படி நிறுத்தி வைத்தால் கொஞ்சம் பிந்துகிறது. பகலில் முந்தியதை இரவில் இப்படிச் சரிக்கட்டலாம். எந்தக் கருவியும் வேண்டாம், போனில் மணி பார்த்து எழுதி வைத்தால் போதும்.

ஜூன் 1

மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் ஸ்டாக் பார்க்கப் போனேன். பெங்களூரா மாம்பழ வரத்து ஆரம்பித்துவிட்டது. வாசலில் லாரிகள், ரோடு வரைக்கும் டிராக்டர்கள். உள்ளே கழுவும் தொட்டிப் பக்கம் போகும்போது எஃகுக் கைப்பிடியில் உரசிவிட்டது. வெளியே வந்து வெயிலில் பார்த்தேன். திருகிக்குச் சற்றுக் கீழே, வளைவு ஆரம்பிக்கும் இடத்தில், நெல் நீளத்துக்கு ஒரு கோடு. முகம் பார்க்கிற மாதிரி மெருகு போட்ட இடம், அதனால் சாய்த்தால் பளிச்சென்று தெரிகிறது.

மெருகு போட்டு எடுத்துவிடலாம். எடுக்கப் போவதில்லை. மெருகு என்றால் தங்கத்தைச் சுரண்டுவதுதான். வட்டக் கடிகாரத்தில் அது சீக்கிரம் தெரியாது. பீப்பாய்க்கு அழகே அதன் விளிம்பில் இருக்கிறது. பக்கங்கள் நடுவில் புடைத்து, இரண்டு முனையிலும் ஒடுங்கி, அந்த ஒடுக்கம் தடையில்லாமல் பட்டைக்குள் போய்ச் சேர வேண்டும். நாலு முறை மெருகு போட்டால் அந்தக் கோடு மழுங்கிவிடும். கீறல் பரவாயில்லை, மழுங்கல் வேண்டாம்.

தொழிற்சாலை முதலாளி பார்த்துவிட்டு, "மத்தளத்தைச் சின்னதா செஞ்ச மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். சரியாகச் சொன்னார். 47 மி.மீ. நீளம் என்று கேட்டால் பெரிது என்றுதான் தோன்றும். ஆனால் முதுகுப்பக்கம் மணிக்கட்டின் போக்கிலேயே வளைந்திருப்பதால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு அகல வட்டக் கடிகாரம் என் கையில் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இந்த மாதிரிக் கடிகாரம் கோட்டின் கைக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்க வேண்டும் என்பது வெளிநாட்டு வழக்கம். கிருஷ்ணகிரியில் ஜூன் மாதம் யார் கோட்டு போடுவது? நான் அரைக்கைச் சட்டைக்காரன். வேட்டி, அரைக்கைச் சட்டை, இந்தத் தட்டையான கடிகாரம் மூன்றும் நன்றாகவே பொருந்துகின்றன. முழு வடிவமும் கண்ணுக்குத் தெரிவது அரைக்கையில்தான்.

ஜூன் 2

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. இந்த வடிவம் கைக்கடிகாரம் பிறந்த காலத்தையே சேர்ந்தது. கார்த்தியே (Cartier) என்ற பிரெஞ்சு நிறுவனம் 1906-லேயே பீப்பாய் வடிவில் ஒன்று செய்துவிட்டது. சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்ட ஆரம்பித்த நேரம் அது, கைக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வாஷெரான் 1755-இல் ஜெனீவாவில் தொடங்கிய நிறுவனம், அவர்களுடைய பீப்பாய் 1912-இல் வந்தது. அதன் நூறாவது ஆண்டுக்காக 2012-இல் மால்டே வரிசையைப் பீப்பாய் வடிவிலேயே புதிதாகக் கொண்டுவந்தார்கள்.

டயலில் இருக்கும் மால்டா சிலுவையும் அலங்காரத்துக்கு வந்ததில்லை. பழைய கடிகாரங்களில் சுருள்வில் அடைத்த உருளையின் மேல் அந்த வடிவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கும், அளவுக்கு மேல் சாவி ஏறாமல் தடுக்கும். அதையே 1880-இல் தங்கள் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

இதில் எனக்கு ஒரே குறை, பீப்பாய்க்குள் இருக்கும் இயந்திரம் வட்டம். அதே 2012-இல் வந்த டூர்பியான் (சமநிலைச் சக்கரத்தையே ஒரு கூண்டில் வைத்துச் சுழற்றும் அமைப்பு) மாடலில் 2795 என்ற இயந்திரத்தையே பீப்பாய் வடிவில் செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இருந்தாலும் இந்த வடிவத்தை நேசிக்கிறவனுக்கு அந்த ஆசை போகாது.

ஜூன் 29

மாங்கனிக் கண்காட்சி. பிள்ளைகள் விடவில்லை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். 30 மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து அத்தனை ஆழம் முங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சாரலையும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும், அவ்வளவுதான்.

ஜூலை 13

நான்கு நாளாகக் கடிகாரம் நிமிஷக் கணக்கில் முந்துகிறது. கீழே விழவில்லை, இடிபடவில்லை. ரிட்டர்ன் வேலை குவிந்து கிடப்பதால் ராத்திரி வரை லேப்டாப், பக்கத்திலேயே டேப்லெட். அதன் மூடியில் காந்தம் இருக்கிறது.

பழையபேட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். ஓசூரில் டைட்டன் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து மேசையில் வைத்து, கடிகாரத்தை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோனார். முள் வெடுக்கென்று திரும்பியது.

"காந்தம் ஏறிடுச்சு சார். உள்ளே முடி மாதிரி மெல்லிசா ஒரு சுருள் இருக்கு, மயிர்ச்சுருள், அதோட சுற்றெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. சுருள் நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிடுது, அதான் வேகமா ஓடுது."

காந்தம் நீக்கும் பெட்டியின் மேல் வைத்து, பித்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை நேராக மேலே தூக்கி, ஒரு கை தூரம் போன பிறகுதான் பித்தானை விட்டார். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் மறுபடி காந்தம் ஏறிவிடுமாம். திரும்பத் திசைகாட்டி வைத்தார். முள் அசையவில்லை.

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பக்கவாட்டிலேயே பார்த்தார். அவர் வேலை பார்த்த டைட்டன், டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய கம்பெனி. 2002-இல் அவர்களுடைய எட்ஜ் என்ற மெல்லிய கடிகாரம் வந்தபோது மொத்தக் கனமே 3.5 மி.மீ., உள்ளே குவார்ட்ஸ் இயந்திரம் 1.15 மி.மீ. அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. "மெல்லிசா செய்யறதுதான் சார் கஷ்டம். இடம் இருந்தா யார் வேணா செய்வாங்க." என் கடிகாரத்தை ரசிக்க இந்த மாவட்டத்தில் இவரைவிடத் தகுதியான ஆள் எனக்குத் தெரியாது. பின்மூடியைத் திறந்து காட்டுகிறீர்களா என்று கேட்டேன். திறக்க மறுத்துவிட்டார். திருப்பி மூடிய பிறகு நீர்க்காப்பு சோதிக்கும் கருவி தன்னிடம் இல்லை என்றார். பணமும் வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தோம்.

டேப்லெட் இனி மேசையின் வலது கோடியில்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போனோம். எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள், ஆற்றுத் தண்ணீர், கூட்டம். கடிகாரம் வீட்டில். தினமும் கட்டுவது என்றால் எல்லா இடத்துக்கும் கட்டுவது இல்லை.

ஆகஸ்ட் 24

ஐப்பசி மழைக்கு முன்னால் நீர்க்காப்பு வளையங்களைச் சோதித்துவிடச் சொன்னார் பழையபேட்டை அண்ணன். ரப்பர் வளையம் வியர்வையிலும் சூட்டிலும் இறுகிப் போகும், நம் ஊர் வெயிலுக்கு அதை நாள்படத் தள்ளிப்போட முடியாது. அடுத்த மாதம் பெங்களூர் போய்க் கொடுக்கப் போகிறேன். கூட்டுக்கு மெருகு போட வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அது திரும்பி வரும்வரை அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. அதுவும் தினமும் சாவி கொடுக்கிற கடிகாரம்தான். உள்ளே தேய்மானத்தைக் குறைக்க 17 கல், நன்றாக ஓடுகிறது, கண்ணாடி மட்டும் மங்கிவிட்டது. மாற்றக் கொடுத்திருக்கிறேன், கடைக்காரர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.