சிவலைப் பசுவின் இரத்தப் பரிசோதனை

தம்பலகாமத்தில் மாமாவின் பட்டியில் நிற்கிற சிவலைப் பசுவுக்குப் புருசெல்லா என்ற நோய்க்கிருமி பொசிட்டிவ் என்று சொன்ன அன்று மாமா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. விடிந்ததும் வியாபாரி வந்து பாதி விலை கேட்டார். "விக்காதீங்க மாமா, இன்னொருக்கா ரத்தம் எடுத்துப் பார்ப்பம்" என்று நான்தான் மறித்தேன்.

முதல் பரிசோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வெள்ளைத் தட்டில் ஒரு துளி சீரம், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், அதோடு ஒரு துளி ரோஸ் பெங்கால், அதாவது சாயமேற்றிய செத்த புருசெல்லாக் கிருமிகள் கலந்த திரவம், நல்ல கடும் ரோஸ் நிறம். கலந்து நாலு நிமிடம் தட்டை ஆட்டுவார்கள், திரிந்த பால் மாதிரிப் பொடிப்பொடியாகத் திரண்டால் பொசிட்டிவ். மலிவு, வேகம். ஆனால் அது மாட்டுக்குள் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை, கிருமியை எதிர்க்க மாட்டின் உடம்பு செய்து வைத்திருக்கிற பிறபொருளெதிரியை மட்டும்தான் பார்க்கிறது.

அந்தப் பிறபொருளெதிரி போய்ப் பிடிப்பது கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலியை. யெர்சினியா என்டெரோகொலிட்டிக்கா ஓ:9 என்ற குடல் கிருமியிலும் கிட்டத்தட்ட அதே சங்கிலிதான், அதனால் மாட்டுக்கு எப்போதோ அந்தத் தொற்று வந்து போயிருந்தாலும் தட்டில் திரளும். கன்றில் புருசெல்லாவுக்கான எஸ்19 தடுப்பூசி போட்ட மாடும் சிலவேளை இப்படிக் காட்டும். ஆர்பி51 என்ற இன்னொரு புருசெல்லாத் தடுப்பூசியில் அந்தச் சங்கிலி இல்லை, அதனால் இந்தக் குழப்பமும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 மாட்டில் 10க்குத்தான் உண்மையில் நோய், நோயில்லாத மாடுகளில் 100க்கு 2 தவறாகப் பொசிட்டிவ் காட்டும் என்று வைப்போம். நோயுள்ள 10ம் பிடிபடும், கூடவே நோயில்லாத கிட்டத்தட்ட 20ம் மாட்டிக்கொள்ளும். மாமாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்காக அலட்சியமாக இருக்கவும் முடியாது. புருசெல்லா சினைமாட்டின் கருவைக் கலைக்கும், காய்ச்சாத பாலிலும் நஞ்சுக்கொடியைக் கையால் தொடுவதிலும் மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். அதனால் சிவலையைத் தனியே கட்டினோம். பாலை நன்றாகக் கொதிக்க வைக்காமல் யாரும் வாயில் வைக்கவில்லை. சில கிழமை கழித்து மறுபடி இரத்தம் எடுத்து எலைசா என்ற ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்பினோம், நெகட்டிவ் என்று வந்தது.

சிவலையை வாங்கும்போது ஊசி போட்டதா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. மாமா இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார், முதல் பக்கத்தில் புதுக் கன்றின் பெயர், பக்கத்திலேயே ஊசி போட்ட தேதி.