இடது பக்கத்துப் போல்ட்

19 ஜனவரி 2025

மைத்துனன் தன்னுடைய பழைய .308 தோட்டா வகை வேட்டைத் துப்பாக்கியை எனக்கே தந்துவிடுவதாக இன்று மறுபடியும் சொன்னான். "அத்தான், உங்களுக்கு எதற்குப் புதுசு? இது என்னை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை" என்றான். அந்த அன்புக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், நாங்கள் நியூசிலாந்தில் குடியேறிய பிறகு பார்க்கலாம் என்று பேச்சை முடித்துக்கொண்டேன். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் போல்ட், அதாவது ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அடுத்த தோட்டாவை ஏற்றக் கையால் இழுத்துத் தள்ளும் பகுதி, வலது பக்கத்தில் இருக்கிறது. நான் இடது தோளில் வைத்துச் சுடுகிறவன்.

வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன தம்பதியர் வரவில்லை.

21 ஜனவரி

அம்மாவின் ஸ்கேன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று.

24 ஜனவரி

நான் எழுதுவதும் உண்பதும் வலக்கையால்தான். பிறவியில் அப்படியில்லை. நான்கு வயதில் இடக்கையால் சோற்றைப் பிசைந்தபோதெல்லாம் அம்மா அந்தக் கையின் விரல்களில் வேப்பெண்ணெயைத் தடவிவிடுவார்; ஆறு வயதுக்குள் கை மாறிவிட்டது. கண் மட்டும் மாறவில்லை என்பது 1996இல் சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் தேசிய சேவைப் பயிற்சியின்போதுதான் தெரியவந்தது. வலது தோளில் வைத்துச் சுட்டதெல்லாம் இலக்கின் ஓரத்துக்கே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்த பயிற்றுநர், என்னை எழுந்து நிற்கச் சொல்லி, இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டையை விட்டு, அதன் வழியே தூரத்திலிருந்த எண் பலகையைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடினேன். பலகை காணாமல் போயிற்று. வலது கண்ணை மூடினேன்; பலகை அங்கேயே இருந்தது. "உனக்கு ஆளும் கண் இடதுதான், தோளை மாற்று" என்றார். அன்று மாலை என் தோட்டாக்கள் முதன்முறையாக ஒரே இடத்தில் விழுந்தன.

அங்கே தந்த எம்16 துப்பாக்கி வெற்றுத் தோட்டாக்கூட்டை வலது பக்கமாக வீசி எறியும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனின் முகம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு கூடு, சுட்ட சூட்டோடு என் சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தடியில் ஒட்டிக்கொண்டது. துப்பாக்கியைக் கீழே போடக்கூடாது என்பதால் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். புளியங்கொட்டை அளவில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. மைத்துனனுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் எப்படி விளக்குவது?

27 ஜனவரி

தூக்கம் வரவில்லை என்பதால் கூடத்தில் நீளக் குடையை இடது தோளில் வைத்துக்கொண்டு வலது பக்கத்துப் போல்டை இயக்குவதாக நினைத்துப் பார்த்தேன். சுட்டவுடன் இடக்கை விசையருகே உள்ள பிடியை விட்டு, துப்பாக்கியின் மேலே கடந்துபோய், வலது பக்கத்தில் இருக்கும் போல்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே அழுத்திவிட்டுத் திரும்பி வரவேண்டும். அதற்குள் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடுகிறது. ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள் இருந்த மான் தொலைந்துவிடுகிறது. போல்ட் இடது பக்கத்தில் இருந்தால் கன்னம் அசைய வேண்டியதில்லை, கண்ணும் மானை விட்டு நகராது.

முதல் தோட்டா சரியாகப் போகுமென்று நம்பித்தான் எல்லோரும் விசையை இழுக்கிறார்கள். காயத்தோடு ஓடும் விலங்கை மேலும் துன்பப்படாமல் முடித்துவைப்பது இரண்டாவது தோட்டா. இடது பக்கத்துப் போல்டை நான் கேட்பது அந்த இரண்டாவது தோட்டாவுக்காகத்தான். வசதிக்காகவோ பெருமைக்காகவோ இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. தோட்டாக்கூடு அரிதாக வெடித்துக் கிழிந்தால் வாயு வெளியேறுவதற்கான துளைகளும், கூடு வெளியேறும் வாயும் பெரும்பாலும் போல்ட் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கும். வலது பக்கத்துப் போல்ட் என்றால் என் முகமும் அங்கேதானே இருக்கும்.

மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

28 ஜனவரி

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அறிக்கை வரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள்.

2 பிப்ரவரி

நான் வாங்குவதற்காகக் குறித்து வைத்திருக்கும் டிக்கா டி3எக்ஸ் லைட் துப்பாக்கி, பின்லாந்தின் ரீஹிமேக்கி நகரில் செய்யப்படுவது, ஏறக்குறைய 2.9 கிலோ. ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், குழல் முனையில் திருகும் ஒலிக்குறைப்பி, தோட்டாக்கள் எல்லாம் சேர்ந்தால் நான்கு கிலோவைத் தொட்டுவிடும். ஆகையால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கை ஒரே தோளில் தொங்கவிட்டுப் புக்கித் தீமா குன்றில் ஏறினேன். 163 மீட்டர்தான் உயரம், அதற்கே கடைசிப் படிகளில் தோள் எரிந்தது. ஈசூனிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பியும் சட்டை முழுவதும் நனைந்துபோயிற்று.

எடை குறைந்த துப்பாக்கியே நல்லது என்று அவசரப்படவும் கூடாது. எடை குறையக் குறைய உதை கூடும். எம்16இன் 5.56 தோட்டாவை மட்டுமே அறிந்த என் தோளுக்கு .308இன் உதை பல மடங்கு அதிகமாக இருக்கும். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கப் பழகிவிட்டால் எவ்வளவு நல்ல குழலும் வீண்தான். நல்லவேளையாக அங்கே ஒலிக்குறைப்பி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது; சத்தத்தோடு உதையையும் அது குறைக்கிறது. அதை மாட்டினால் நீளம் கூடும் என்பதால் 20 அங்குலக் குழல் போதும் என்று நினைக்கிறேன்.

5 பிப்ரவரி

நியூசிலாந்தின் துப்பாக்கி உரிமத்துக்கான நடைமுறையை இன்று மறுபடியும் படித்தேன். பாதுகாப்புத் தேர்வு எழுத வேண்டும். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இடத்தை நேரில் வந்து பார்ப்பார்கள். வாழ்க்கைத் துணையையும், உறவில்லாத இன்னொருவரையும் விசாரிப்பார்கள். முதல் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த மாதமே அரைத் தானியங்கி வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தார்கள். 2023 ஜூனில் தொடங்கிய பதிவேட்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் ஏறவேண்டும். ஒரு தோட்டாவை வீட்டில் வைத்திருப்பதே பெருங்குற்றமாக இருக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்தக் கண்டிப்பு சுமையாகத் தெரியவில்லை. கண்டிப்பு இருப்பதால்தான் எனக்குத் துணிவே வருகிறது.

"என்னைக் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன்" என்றாள் மனைவி. என்ன உண்மை என்று நான் கேட்கவில்லை.

8 பிப்ரவரி

அறிக்கை வரவில்லை.

11 பிப்ரவரி

தைப்பூசம். அம்மாவுக்காகப் பால்குடம் எடுத்தேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடக்கும்போது, விரத காலத்தில் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றியே மனம் சுற்றுகிறதே என்று உறுத்தியது. பிறகு, வேலேந்தியவன் வள்ளியைத் தேடிப் போனதே வேடனாகத்தானே என்றும், ருசி பார்த்துத் தேர்ந்தெடுத்த இறைச்சியைக் கண்ணப்பர் படைத்தபோது சிவன் முகம் சுளிக்கவில்லையே என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனம் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாலைப் பார்த்தார்.

14 பிப்ரவரி

நாங்கள் போகப்போகும் மனவாத்து வட்டாரத்தில் கடமான்கள் இருக்கின்றன. 1875இல் இலங்கையிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டவற்றின் சந்ததி அவை. நம் பக்கத்துக் காடுகளில் மிளா என்று சொல்லப்படும் அதே விலங்கு, உலகின் அந்தக் கோடியில், சதுப்பு ஓரத்துப் புதர்களுக்குள் இருட்டும் நேரத்தில் வெளியே வருகிறது என்பதைப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே கிடக்கிறது. வௌவாலைத் தவிர வேறு தரைப் பாலூட்டியே இல்லாதிருந்த நாடு அது. அதனால் மான்கள் அங்கே கன்று மரங்களைத் தின்று காட்டை அழிக்கின்றன. வேட்டை அங்கே காட்டுக்குச் செய்யும் பணியும்கூட.

வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவுக்கும் மேல் போகும். 6.5 கிரீட்மோர் நல்ல தோட்டாதான், உதையும் குறைவு, காற்றில் விலகுவதும் குறைவு. ஆனாலும் தடித்த தோலும் எலும்பும் உள்ள இவ்வளவு பெரிய உடலுக்கு, கொஞ்சம் கனமான குண்டை ஏற்றக்கூடிய .308 எனக்கு நிம்மதி தருகிறது. 1952 முதல் விற்பனையில் இருப்பது. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். மைத்துனனுடையதும் .308 என்பதால் தோட்டா தீர்ந்தால் பகிர்ந்துகொள்ளலாம். அவனிடம் மறுத்துப் பேசும் நாளில் இதை முதலில் சொல்ல வேண்டும்.

16 பிப்ரவரி

டிக்காவில் ஒரு குறையையும் எழுதி வைக்கிறேன். எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீளமுள்ள உடல்தான்; .308 போன்ற குட்டைத் தோட்டாவுக்கு அது தேவைக்கு மேல் நீளம். 1898ஆம் ஆண்டு மௌசர் துப்பாக்கியில் இருப்பதுபோல், தோட்டா மேகசினிலிருந்து எழும்பும்போதே அதன் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் அகன்ற நகமும் இதில் இல்லை. ஆனால் மௌசரின் போல்டை 90 பாகை தூக்க வேண்டும், இதை 70 பாகை தூக்கினால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடக்கைக்காரருக்கென்றே தொழிற்சாலையில் செய்து தருகிறார்கள்.

20 பிப்ரவரி

அறிக்கை வந்தது.

23 பிப்ரவரி

மைத்துனனிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். "அக்காவிடம் கேட்டேன் அத்தான், குடை விஷயத்தைச் சொன்னாள்" என்றான். அவனே அந்த ஊர்க் கடையில் பேசி வைப்பதாகச் சொன்னான்.

பிற்பகலில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். வலக்கையில் கிண்ணம் இருந்ததால் கரண்டி தானாக இடக்கைக்கு வந்துவிட்டது. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிக்கொள்ளப் போனேன். "இருக்கட்டும்யா" என்றார்.

25 பிப்ரவரி

கடையிலிருந்து பதில் வந்துவிட்டது. இடக்கை, .308, குழல் முனையில் திருகு வெட்டியது. வரவழைத்துத் தருவார்கள், உரிமம் கைக்கு வந்த பிறகுதான் ஒப்படைப்பார்கள். எந்த மாதம் வந்து சேருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முதல் சிகிச்சை 3ஆம் தேதி. காலை 8.30க்குள் வார்டில் இருக்க வேண்டும்.