எலும்பின் முன்பக்கம் எக்ஸாமினரைப் பார்க்கட்டும்: முதல் வருட வெட்னரி அனுபவம்

போன வாரம் முதல் வருட ரிசல்ட் வந்தது. நாலு பாடமும் பாஸ். அனாடமி (உடலமைப்பு பற்றிய பாடம்) ப்ராக்டிகல் மார்க்கைப் பார்த்ததும் ஹாஸ்டல் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். முதல் இன்டர்னலில் (கல்லூரிக்குள் நடக்கும் தேர்வில்) இதே ப்ராக்டிகலில் வகுப்பின் கடைசி ஐந்து பேரில் நானும் ஒருத்தி. அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்காக, மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். ஃபிசியாலஜிக்கும் பயோகெமிஸ்ட்ரிக்கும் வேறு யாராவது எழுதட்டும். அவற்றில் பழைய கேள்வித்தாள்களைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினேன், சொல்லித் தரும் அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லை. அனாடமி பற்றிச் சொல்ல இருக்கிறது.

நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி. 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்தவள். காங்கேயம் பக்கம் கிராமம், வீட்டில் மாடு உண்டு. அதனால் அனாடமி எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு வந்தேன்.

முதல் இன்டர்னல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. மேஜைக்கு அந்தப் பக்கம் சார். ஹியூமரஸை, அதாவது முன்னங்காலின் மேல் எலும்பை, கையில் கொடுத்தார். பெயர் சொன்னேன், மாடு என்று சொன்னேன், அதன் வெளிப்பக்க மேடான டெல்டாய்டு ட்யூபராசிட்டியைத் தொட்டுக் காட்டினேன். "எந்தப் பக்கம்?" என்றார். "ரைட் சார்." அடுத்து ஃபீமர், தொடை எலும்பு. "லெஃப்ட் சார்." அடுத்து ஸ்காபுலா, தோள்பட்டை எலும்பு. அதற்கும் ஒரு பக்கம் சொன்னேன். மூன்றும் தப்பு. "மாட்டையே பார்த்ததில்லையாம்மா நீ?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து மாட்டோடு வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு இரவு மெஸ்ஸுக்குப் போகவில்லை.

அடையாளங்கள் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருந்தன. ஆனால் மூன்றும் நேர் எதிராகப் போயிருந்தன. ஏன் என்று பொங்கல் லீவு வரைக்கும் புரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று அப்பிச்சியிடம் (அம்மாவின் அப்பா) இதைச் சொன்னேன். அவர் வண்டி ஓட்டியவர். ஒரு ஜோடியில் எது இடத்து மாடு, எது வலத்து மாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ எங்க நின்னு பாக்கற கண்ணு? எதுத்தாப்புல நின்னா எல்லாம் மாறித்தான் தெரியும். வண்டியில ஏறி உக்காரு, உன் எடதுதான் மாட்டுக்கும் எடது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நான் அதுவரை எலும்புகளைப் படித்ததெல்லாம் சீனியர் அனுப்பிய போட்டோக்களில், செல்போனில். எலும்பைப் பார்த்ததும் என் மனதில் ஒரு மாடு என்னை நோக்கி நிற்கும். அதன் வலது எனக்கு இடது. வைவா முழுக்க நான் மாட்டின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எலும்பு கைக்கு வந்ததும் வாயைத் திறக்காமல் அதன் முன்பக்கத்தை எக்ஸாமினர் பக்கம் திருப்பிப் பிடிப்பது. மேல் மேலே, கீழ் கீழே, முன் அவரைப் பார்த்து. இப்போது நான் மாட்டுக்குப் பின்னால் இருக்கிறேன். வெளிப்பக்க அடையாளம் என் எந்தக் கைப் பக்கம் வருகிறதோ, எலும்பும் அந்தப் பக்கம். யோசிக்க எதுவுமே இல்லை. நீங்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காமல் போனாலும் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் பயன்படுத்திய அடையாளங்கள், மாட்டுக்கு மட்டும்:

- ஸ்காபுலா: க்ளினாய்டு குழி (மூட்டுக் குழி) கீழே, ஸ்பைன் (நீளவாக்கில் ஓடும் மேடு) வெளியே, குறுகலான ஃபாஸா (பள்ளம்) முன்னால். ஸ்பைனின் முடிவில் அக்ரோமியான் என்ற நீட்டல் இருந்தால் குதிரை இல்லை.
- ஹியூமரஸ்: ஹெட் (உருண்டைத் தலை) பின்னால், டெல்டாய்டு ட்யூபராசிட்டி வெளியே.
- ரேடியஸ், அல்னா (முழங்கைக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகள்): ஒலிக்ரனான் (முழங்கை முனை) மேலே, பின்னால். அல்னாவின் தண்டு கீழ்வரைக்கும் வந்தால் மாடு, பாதியில் நின்றால் குதிரை.
- ஃபீமர்: ஹெட் உள்ளே, ட்ராக்லியா (முட்டிச்சில்லு ஓடும் பள்ளம்) முன்னால். தேர்டு ட்ரொகான்டர் என்ற வெளிப்பக்க மேடு தெரிந்தால் குதிரை.
- மெட்டாகார்பல், மெட்டாடார்சல் (முன், பின் கால்களின் கீழ்ப்பகுதி நீள எலும்புகள்): உருட்டிப் பாருங்கள். முன்பின்னாகத் தட்டையாக இருந்தால் முன்னங்கால், நாலு பக்கச் சதுரமாக நீளமாக இருந்தால் பின்னங்கால்.
- விலா எலும்பு: மாட்டுக்கு 13 ஜோடி, குதிரைக்கு 18. கேட்காமல் விடமாட்டார்கள்.

பதில் சொல்லும் வரிசை: பெயர், எந்த விலங்கு, எந்தப் பக்கம், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். பக்கத்தைக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகவே சொன்னால் எக்ஸ்டர்னலின் (வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர்) முகமே மாறுவதைப் பார்க்கலாம்.

இது பரீட்சைக்கான வித்தை மட்டும் என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். மாட்டுக்கு ரூமன், அதாவது பெரிய முதல் வயிறு, இடது பக்கம். உப்புசம் வந்து மூச்சுக்குத் திணறும் மாட்டுக்கு ட்ரோகார் (காற்றை வெளியேற்றும் கூர்முனைக் கருவி) குத்துவது இடது விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில். எங்கள் ஊரில் மழைக்குப் பின் பச்சைப் பயறுக் கொடியைத் தின்றுவிட்டு உப்பிச் செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். இடது வலது தெரியாமல் டாக்டர் என்று போய் நிற்க முடியாது. அந்த சார் கடுமையாகப் பேசியது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

பரீட்சை நெருங்கிய இரண்டு மாதம் என் நாள் இப்படித்தான் போனது. விடியற்காலை எல்.பி.எம். (கால்நடை வளர்ப்புப் பாடம்) பண்ணை டியூட்டி. சாணி அள்ளி, பால் கறந்து, எடை எழுதிவிட்டு அவசரமாக ஓடிவந்து குளித்து வகுப்பு. மதியம் டிசெக்ஷன், உடலை அறுத்துப் பார்க்கும் வகுப்பு. ஃபார்மலினில் கண் எரியும், கிளவுஸ் போட்டாலும் கையில் வாசம் நிற்கும், அந்தக் கையால் சாதம் பிசைய மனம் வராது. ஒரு வாரம் ஸ்பூனால் சாப்பிட்டேன், அப்புறம் பழகிவிட்டது. இரவு எல்லோரும் இரண்டு மணி வரை விழித்துப் படித்தார்கள். என்னால் முடியாது. பத்தரைக்குத் தூங்கி நாலு மணிக்கு எழுந்தேன். இரவில் படிப்பவர்களோடு போட்டி போட்டு நான் இழந்ததுதான் அதிகம். உங்கள் உடம்பு எப்படியோ, நான் காலை ஆள்.

பண்ணை டியூட்டியை வீண் நேரம் என்று திட்டாதீர்கள். பால் கறந்து முடித்ததும் ஐந்து நிமிஷம் அதே மாட்டைத் தடவிப் பார்ப்பேன். தோள்முனை, முழங்கை, கடைசி விலா, இடுப்புமுனை. முந்தின நாள் படித்த எலும்பு தோலுக்கடியில் கிடைக்கும்போது வருகிற சந்தோஷமே வேறு.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையும் ஒரு வகுப்புதான். கடைக்கார அண்ணன் ஆட்டு நுரையீரலை மூச்சுக்குழாயோடு தூக்கிக் காட்டுவார். வலது பக்கத்துக்கு மட்டும் தனியாகப் பிரியும் ட்ரக்கியல் பிராங்கஸை நான் முதலில் தெளிவாகப் பார்த்தது அங்கேதான். சுவரொட்டிதான் ஸ்ப்ளீன், மண்ணீரல். ஆட்டுக் கிட்னி வழவழப்பு, மாட்டுக் கிட்னி திராட்சைக் கொத்து மாதிரி மேடு பள்ளம். இதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர்கள் ஸ்பாட்டரில் (பார்த்ததும் பெயர் சொல்லும் தேர்வில்) தப்பே செய்ய முடியாது.

தமிழ் வழியில் வந்தவர்களுக்குத் தனியாக. லத்தீன் பெயர்களை உருப்போடாதீர்கள், அர்த்தம் தேடுங்கள். ட்ராக்லியா என்றால் கப்பி. கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுகிற மாதிரி அதன் மேல் பட்டெல்லா, அதாவது முட்டிச்சில்லு, ஓடுகிறது. ரெட்டிகுலம் என்றால் சின்ன வலை. ஃபொராமென் மேக்னம் என்றால் பெரிய துளை, அவ்வளவுதான். நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதி வைத்தேன். பக்கத்துப் பெஞ்சில் சிரித்தார்கள். ஆண்டுத் தேர்வு சமயத்தில் அதே நோட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள், கொடுத்தேன்.

ஹிஸ்டாலஜி (மைக்ராஸ்கோப்பில் திசுக்களைப் பார்ப்பது) ஸ்லைடு:

- முதலில் குறைந்த லென்ஸ். நேராகப் பெரிதாக்கினால் எல்லாமே ஊதாப் புள்ளிகள்தான்.
- லிம்ப் நோடில் (நிணநீர்க் கணு) கார்டெக்ஸ், மெடுல்லா என்று வெளிப்பகுதி, உட்பகுதிப் பிரிவு இருக்கும், கேப்சூலுக்கடியில் (வெளியுறை) சைனஸ் என்ற இடைவெளி தெரியும். ஸ்ப்ளீனில் அந்தப் பிரிவு கிடையாது.
- சப்மியூகோசாவில் (உட்படலத்துக்கு அடியில் உள்ள அடுக்கு) சுரப்பிகள் இருந்தால் டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) என்று யோசியுங்கள்.
- ரெக்கார்டு படங்களை அன்றன்றைக்கு வரையுங்கள். கடைசி வாரத்தில் நாற்பது படம் வரைந்த என் ரூம்மேட்டுக்குப் படிக்க நேரமே இல்லாமல் போனது. அவள் இப்போது கம்பார்ட்மெண்ட்டுக்கு (மறுதேர்வு) படித்துக்கொண்டிருக்கிறாள். என்னைவிட அதிகம் தெரிந்தவள்.

ஆண்டுத் தேர்வு வைவாவில் எக்ஸ்டர்னல் கொடுத்த முதல் எலும்பு ஹியூமரஸ். கை நடுங்கியது. முன்பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன். ட்யூபராசிட்டி என் இடது கைப் பக்கம் வந்தது. "மாட்டின் ஹியூமரஸ் சார், இடது" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கொடுத்தார். அன்றைக்கு ஆறு எலும்பு. ஆறிலும் பக்கம் சரி.

என் எலும்பு செட்டை ஹாஸ்டலில் கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். இடது ஸ்காபுலாவில் ஒரு மூலை உடைந்திருக்கும், ஒரு கால் மெட்டாடார்சல் இல்லை, மற்றதெல்லாம் முழுசு. வருகிற ஜூனியர் யாருக்கு வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம்.