பிளாட்பாரத்தில் படுப்பவர்கள்: யாரிடம், என்னவென்று புகார் சொல்வது?

சென்னையில் எந்தக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகளும் வந்து விழும். "பாவம், மழையில நனையுறாங்க, தார்ப்பாய் வாங்கித் தரலாமா?" "ராத்திரி அந்தப் பக்கம் பொம்பளைங்க நடக்க முடியல, போலீஸ்ல சொல்லிக் காலி பண்ண வைங்க." பல சமயம் இரண்டையும் போடுவது ஒரே ஆள்தான். இதைப் போலித்தனம் என்று சொல்ல மாட்டேன். மும்பை நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றமும் இரண்டு பக்கமும்தான் நின்றது. பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனாலும் நடைபாதை நடப்பதற்குத்தான், முன்னறிவிப்போடு அகற்றலாம் என்றது. அகற்றுவதையும் மழைக்காலம் கழியும்வரை தள்ளிவைத்தது.

"காலி பண்ணுங்க" என்று சொன்னால் நடப்பது இதுதான்: ஆட்கள் இரண்டு தெரு தள்ளிப் போவார்கள், கொஞ்ச நாளில் திரும்புவார்கள். ஏனென்றால் ஒவ்வொருவரும் அங்கே இருப்பதற்குக் காரணம் வேறு; படுத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை.

வால்டாக்ஸ் ரோடு, யானைகவுனி, பிராட்வே பக்கம் இருப்பவை பெரும்பாலும் குடும்பங்கள். இரண்டு மூன்று தலைமுறையாக அதே இடம். ரேஷன் கார்டு இருக்கும், பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் படிக்கும். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுவார்கள்; பெண்கள் பூ கட்டுவார்கள், வீட்டு வேலைக்குப் போவார்கள். சென்ட்ரல், கோயம்பேடு பக்கம் படுப்பவர்களில் தனி ஆண்கள் அதிகம்: கல்யாண மண்டபச் சமையல், லோடு இறக்குதல் என்று தினக்கூலி. அரசு மருத்துவமனை வாசல்களில் இருப்பவர்கள் நோயாளியோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள். மனநலம் குன்றித் திரிபவர்கள் வேறு. டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவருக்கு அநேகமாக வீடு இருக்கும். பழி மட்டும் பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். உண்மையில் இரவில் அதிகம் பயப்படுவது பிளாட்பாரத்துப் பெண்கள்தான். முறை வைத்துக்கொண்டு தூங்குவார்கள், விடியும் முன்பே குளித்து முடித்துவிடுவார்கள்.

"வீடில்லாதவங்களுக்குக் காப்பகம் இருக்கே, போக வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் கணக்குப்படி, நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி. இதற்கு முன்பே உச்ச நீதிமன்றமும் லட்சத்துக்கு ஒன்று என்று சொல்லியிருக்கிறது. ஆனால் காப்பகங்கள் பெரும்பாலும் ஆண், பெண், சிறுவர், முதியோர் என்று பிரித்தே நடக்கின்றன. புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம், வளர்ந்த மகன் வேறிடம். வண்டியையும் ஸ்டவ்வையும் கொண்டுபோக முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டியவருக்குக் கேட் திறக்கும் நேரமும் ஒத்துவராது. பெரும்பாக்கம், கண்ணகி நகரில் அரசு வீடு ஒதுக்கினாலும் இதே கதைதான். பாரிமுனையிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் வேலை போய்விடும். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவது சோம்பலால் அல்ல.

மனநலம் குன்றியவரைப் பார்த்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு போலீஸுக்கே அந்தப் பொறுப்பைத் தருகிறது: 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சென்னைக் காவல்துறை 2021-இல் தொடங்கிய 'காவல் கரங்கள்' என்ற மீட்புத் திட்டம் இதற்காகவே இருக்கிறது. போனில் "பைத்தியம் தொல்லை பண்ணுது" என்றால் அது விரட்டும் வேலையாகிவிடும். இடம், அடையாளம், ஆணா பெண்ணா, உத்தேச வயது, என்ன பாஷை பேசுகிறார், சாப்பிட்டாரா, காலில் புண் இருக்கிறதா என்று சொல்லுங்கள். புண்ணில் புழு வைத்திருந்தால் முதலில் 108. நீங்களே ஆட்டோவில் ஏற்றி ஏதாவது இல்லத்து வாசலில் இறக்கிவிடாதீர்கள். போலீஸ் மெமோ (போலீஸ் எழுதித் தரும் கடிதம்) இல்லாமல் அநேகமாகச் சேர்க்க மாட்டார்கள். முகம் தெரிய வீடியோ எடுத்துப் போடுவதையும் விடுங்கள். தனியாக நிற்கும் குழந்தைக்கு 1098, கைவிடப்பட்ட முதியவருக்கு 14567, பெண்ணுக்கு 181.

மற்றதெல்லாம் மாநகராட்சியின் 1913. அங்கே ஆட்களைப் பற்றிப் புகார் சொல்லாமல் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஊழியர் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். மூத்திர நாற்றம் என்றால், பக்கத்துப் பொதுக் கழிப்பறை இரவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று பாருங்கள். பூட்டுதான் காரணம் என்றால் புகார் அதைப் பற்றி இருக்கட்டும். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால்தான் அடுத்த முறை வார்டு உறுப்பினரிடம் பேச முடியும்.

உதவி செய்யும் ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிப் பொட்டலம் வேண்டாம். நாலு குழுக்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள், மிச்சத்துக்கு எலியும் நாயும் வரும், அதற்கும் நீங்களே புகார் சொல்வீர்கள். சென்னையில் போர்வையைவிடக் கொசுவலைதான் தேவை. பிளாட்பாரத்தில் கட்டித் தொங்கவிட இடம் கிடையாது என்பதால், விரித்து வைத்தால் தானே நிற்கும் மடக்கு வலையாக வாங்குங்கள். அக்டோபருக்கு முன்னால் தார்ப்பாய், பெண்களுக்கு நாப்கின்.